பிரேக் பிடித்தது, விடவில்லை: 18,000 ரூபாய் போன பிறகு தெரிந்த கோளாறு

முதலில் குறைந்தது மைலேஜ்தான். லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்குக் குறையாமல் கொடுத்துக்கொண்டிருந்த எங்கள் டீசல் வண்டி, ஆனி மாதக் காற்று தொடங்கிய நேரத்தில் 16-க்கு இறங்கியது. திருநெல்வேலி மாவட்டத்தில் எங்கள் திசையன்விளைப் பக்கத்துக்காரர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடி வந்துவிட்டால் தேரிக்காட்டுச் செம்மணல் ரோட்டைக் கடந்து பறக்கும், எதிர்க்காற்றில் எந்த வண்டியும் திணறும். கேட்டவர்கள் எல்லோரும் "காத்துக் காலம்லா, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். காற்றடிக்கும் ஊரில் அந்தப் பதில் நியாயமாகத்தான் பட்டது.

என் கணவர் சவூதியில் இருக்கிறார். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. செக்கப்புக்காக இட்டமொழி, மூலைக்கரைப்பட்டி வழியாகப் பாளையங்கோட்டைக்குப் போய் வர வேண்டும். கார் இருப்பதே அதற்காகத்தான், ஓட்டுவது நான். பஸ்ஸில் அவ்வளவு தூரம் அம்மாவால் உட்கார்ந்து வர முடியாது. அதனால் வண்டியில் ஒன்று என்றால் எனக்கு அது வெறும் வண்டிப் பிரச்சினை இல்லை.

ஒருநாள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியை நிறுத்தி இறங்கியபோது கரிந்த வாடை அடித்தது. கிளட்ச் வாடையோ என்று முதலில் நினைத்தேன். சுற்றி வந்து பார்த்தால் இடது முன்சக்கரத்தில் இருந்துதான் வருகிறது. ரிம் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்தது. வலது முன்சக்கரம் லேசான சூட்டில்தான் இருந்தது. இடது ரிம் முழுக்கக் கறுப்புத் தூள் படிந்திருந்தது, வலதில் அவ்வளவு இல்லை. இந்த இடது வலது வித்தியாசம்தான் முழுக் கதைக்கும் சாவி என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

உங்கள் வண்டியிலும் சந்தேகம் வந்தால் முதலில் இதைச் செய்யுங்கள். பத்து இருபது கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக் அதிகம் போடாமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு சக்கரங்களின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டான டிஸ்க்கைத் தொடவே கூடாது, தோல் உரிந்துவிடும். ஒரு சக்கரம் மட்டும் சூடு என்றால் கோளாறு அந்தச் சக்கரத்திலோ அதற்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸிலோ இருக்க வாய்ப்பு அதிகம். முன்சக்கரம் இரண்டும் சேர்ந்து சூடாகி, பெடலும் வழக்கத்தைவிட மேலே, கட்டையாக நின்றால் மிதியை ஆயில் பிரஷராக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர், மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் பக்கம் பார்க்க வேண்டும். பின்சக்கரம் என்றால் ஹேண்ட் பிரேக் கேபிள், டிரம்முக்குள் இருக்கும் ஷூ, வீல் சிலிண்டர். இன்னொரு சோதனை இன்னும் எளிது. சமதரையில் வண்டி மெல்ல உருளும்போது நியூட்ரலுக்கு மாற்றிக் காலை எடுங்கள். நல்ல வண்டி தானாகக் கொஞ்ச தூரம் ஓடும். பிரேக் பிடித்திருக்கும் வண்டி யாரோ பின்னால் இருந்து இழுத்த மாதிரி நின்றுவிடும்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். நன்றாகச் சுற்றியது. "பேட் தேஞ்சிருக்கு மேடம், மாத்திட்டா சரியாயிடும்" என்று, டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேட்டை மாற்றினார்கள். கூலியோடு 2,300 ரூபாய். சில நாளிலேயே அதே வாடை. இரண்டாவது இடத்தில் டிஸ்க் வளைந்திருக்கிறது என்றார்கள். அந்தச் சூட்டில் வளைந்தும் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஏன் அவ்வளவு சூடானது என்று யாரும் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் புது டிஸ்க், 6,200 ரூபாய். பிறகு ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே, பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பர் ஜாம் என்று கேலிப்பரையே முழுசாக மாற்றினார்கள். பிரேக் ஆயிலும் சேர்த்து 7,800. பில்லைக் கட்டும்போது இனி நிம்மதி என்றுதான் வந்தேன்.

பணத்தைவிட என்னைச் சுட்டது அவர்கள் சொன்ன ஒரு வார்த்தை. திரும்பவும் சூடாகிறது என்று நான் போய் நின்றபோது, அங்கே இருந்தவர் என்னைப் பார்க்காமலே, "லேடீஸ் ஓட்டினா பிரேக்ல கால வச்சுக்கிட்டேதான் ஓட்டுவாங்க, அதான் சூடாகுது" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆத்திரத்தில். அங்கே வைத்துச் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். பெடலில் கால் வைத்துக்கொண்டே ஓட்டினால் முன்சக்கரம் இரண்டும்தான் சூடாகும். ஒரு பெடலை மிதித்து இடது சக்கரத்தை மட்டும் பிடிக்க வைக்க யாராலும் முடியாது. ஒரு பக்கம் மட்டும் சூடு என்று சொன்ன பிறகும் ஓட்டுகிறவர் மேல் பழி போடுகிற இடத்தில் வண்டியை விடாதீர்கள். பெண்கள் தனியாகப் போனால் இது நடக்கும். அந்த இடது வலது கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

புதுக் கேலிப்பர் போட்ட பிறகுதான் உயிர் போய் வந்த அந்த மாலை. பாளையங்கோட்டையில் இருந்து திரும்பும் வழியில், மூலைக்கரைப்பட்டி தாண்டி இருட்டத் தொடங்கும் நேரம். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி கனமாகிக்கொண்டே வந்தது, ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. குறுக்கே ஆட்டு மந்தை வருகிறதே என்று பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சாக உள்ளே போகிறது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பிரேக், இப்போது நான் கேட்டபோது பிடிக்கவில்லை. பெடலை விட்டு விட்டு மிதித்து, கியரைக் குறைத்து, மண்ணில் இறக்கி நிறுத்தினேன். சக்கரத்தில் இருந்து புகை. அம்மா பக்கத்தில் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினால் ஏன் பிடிக்காமல் போகிறது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். உராய்ந்து உராய்ந்து ஏறும் சூடு கேலிப்பர் வழியாகப் பிரேக் ஆயிலுக்குப் போகிறது. டாட் 4 தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிப்பதற்குக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் அந்த ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயில் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறினால் 140. கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி. நீங்கள் மிதிக்கும் மிதி அந்தக் குமிழியை நசுக்கத்தான் போகும், சக்கரத்துக்குப் போகாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

அங்கே ஒரு லோடு ஆட்டோக்காரத் தம்பி நிறுத்தி, கேனில் தண்ணீரோடு ஓடி வந்தார். நல்ல மனசு. ஆனால் ஊற்ற வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன். பழுக்கச் சூடான வார்ப்பிரும்பு டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் வளையலாம், விரிசல் விடலாம். தீயே பிடித்துவிட்டால் அது வேறு விஷயம். புகை மட்டும் என்றால் தானாக ஆற விடுவதுதான் சரி. முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருங்கள். அன்று அம்மாவை வாடகை வண்டியில் அனுப்பிவிட்டு, காரை மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். அதற்கு இரண்டுக்கும் சேர்த்து 2,000 ரூபாய்.

அந்த லோடு ஆட்டோத் தம்பி சொல்லித்தான் இட்டமொழி போகிற வழியில் புளியமரத்தடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியிடம் போனேன். அம்பாசடர் காலத்து ஆள். நான் முழுக் கதையையும் சொல்ல, இடையில் பேசாமல் கேட்டார். பழைய பேட் இருக்கிறதா என்றார். நல்லவேளை, மாற்றிய எல்லாச் சாமானையும் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். இரண்டு பேட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுபோலத் தேஞ்சிருக்கு. கேலிப்பர் நகர்ற பின் கம்பி ஜாம்னா ஒண்ணு மட்டும் நல்லாத் தேஞ்சிருக்கும்" என்றார். பிறகு சொன்னார்: "வண்டி ஆறிட்டுன்னா கோளாறும் ஒளிஞ்சுக்கிடும் தங்கச்சி. சூடா, பிடிச்சுக்கிட்டு இருக்கும்போதே பாக்கணும். அதுவரைக்கும் ஒரு சாமானும் வாங்காதிங்க."

அதுவரை போன இடங்களில் எல்லாம் வண்டியை விட்டுவிட்டு வருவேன், அவர்கள் சாவகாசமாக எடுப்பார்கள். அதற்குள் சக்கரம் ஆறி, பிடி விட்டு, நன்றாகச் சுற்றும். சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்து யாரால் என்ன கண்டுபிடிக்க முடியும்? ஊகத்தில் ஒவ்வொரு சாமானாக மாற்றியது அதனால்தான். உங்கள் வண்டிக்கும் பிரேக் ஜாம் என்றால், பிடித்திருக்கும் நேரத்தில் மெக்கானிக் முன்னால் நிற்கிற மாதிரி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அண்ணாச்சி தன் ஒர்க்‌ஷாப் முன்னாலேயே வண்டியை மேலும் கீழும் ஓட்டி, பிரேக் போட்டுப் போட்டு, பிடி இறுகிய பிறகு உள்ளே கொண்டுவந்தார். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல், முன்னால் ஜாக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் அடியில் ஸ்டாண்டு. கியர் நியூட்ரல். சக்கரத்தைக் கழற்றாமல் என்னைச் சுற்றச் சொன்னார். இரண்டு கையாலும் அசைக்க முடியவில்லை. அப்புறம்தான் சக்கரத்தைக் கழற்றி வேலையைத் தொடங்கினார். மேலே இருந்து வரும் இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேரும் இடத்தில் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். ஆயில் கசிந்தது, ஆனால் பிடி விடவில்லை. "மாஸ்டர் சிலிண்டர் பிரஷரைப் பிடிச்சு வச்சிருந்தா இப்பம் விட்டிருக்கணும். விடல்ல, பாத்துக்கிடுங்க." அதை இறுக்கிவிட்டுக் கேலிப்பரில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் ஒரு டியூபைச் சொருகி, மறுமுனையை பாட்டிலில் விட்டு, 10 நம்பர் ஸ்பேனரால் கால் சுற்றுத் திறந்தார். சர்ரென்று ஆயில் பாய்ந்தது. டிஸ்க் கையோடு சுற்றியது.

கோளாறு அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில். நடுவில் இருப்பது ஒரு முழத்துக்கும் குறைவான ரப்பர் ஹோஸ், வேறெதுவும் இல்லை.

இந்தச் சோதனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கேட்டுச் செய்ய வைக்கலாம். சக்கரம் பிடித்திருக்கும்போது நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் பிரஷரில் கோளாறு இல்லை. பிஸ்டன் துருப்பிடித்திருக்கும், அல்லது கேலிப்பர் நகர வேண்டிய பின் கம்பி இறுகியிருக்கும், அல்லது பேட் தன் இடத்தில் சிக்கியிருக்கும். அப்போது கேலிப்பர் வேலை சரிதான். நிப்பிளைத் திறந்ததும் விட்டால் உள்ளே பிரஷர் மாட்டிக்கொண்டிருக்கிறது. மேல் நட்டைத் தளர்த்தியதும் விட்டால் மேலே போங்கள், மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். மேலே தளர்த்தி விடாமல் கீழே திறந்து விட்டால் ஹோஸ். சோதனை முடிந்ததும் காற்று புகுந்திருக்கும், ஏர் எடுத்துத்தான் வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.

கழற்றிய ஹோஸ் வெளியே பார்க்கப் புதுசு போல இருந்தது. வெடிப்பு இல்லை, கசிவு இல்லை. யாரும் சந்தேகப்படாததில் ஆச்சரியமில்லை. அண்ணாச்சி ஹோஸின் நடுவில் இருந்த இரும்புக் கிளாம்பைக் காட்டினார். ஹோஸ் ஆடாமல் இருக்க ஷாக் அப்சார்பரில் பிடித்து வைக்கும் பட்டை அது. ஹாக்ஸா பிளேடால் அந்தக் கிளாம்பை அறுத்தபோது உள்பக்கத்தில் இருந்து துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். வெளியே போக இடமில்லாத துரு உள்ளே இருந்த ரப்பரை நெரித்திருக்கிறது. கீழே கிடந்த ஒரு பனை ஈர்க்கை எடுத்து ஹோஸின் ஒரு முனையில் விட்டார். கிளாம்பு இருந்த இடத்தில் முட்டி நின்றது. அதற்கு மேலும் கீழும் தாராளமாகப் போனது. நாம் பெடலை மிதிக்கும் வேகத்தில் ஆயில் அந்த இடுக்கை மீறிக் கீழே போய்விடும். காலை எடுத்தால் திருப்பித் தள்ள அவ்வளவு பலம் கிடையாது. சைக்கிள் டியூப் வால்வு மாதிரி போகும், வராது. நிறுத்தி வைத்தால் மெல்ல மெல்லக் கசிந்து திரும்பிவிடும். ஆறியதும் கோளாறு காணாமல் போனதன் ரகசியம் அதுதான்.

உவரி, கூடுதாழை, இடிந்தகரை, கூடங்குளம் என்று கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கிளாம்பை மறக்கவே கூடாது. உப்புக் காற்று எங்கும் போகும். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே இரண்டு வருஷத்தில் பொரிந்துவிடும். வண்டிக்கு அடியில் இருக்கும் இரும்பை நாம் பார்ப்பதே இல்லை. கிளாம்பு விளிம்பில் துரு பிதுங்கித் தெரிந்தாலே ஹோஸை மாற்றிவிடலாம். கிளாம்பு இல்லாத இடத்திலும் பழைய ஹோஸின் உள்சுவர் வீங்கி அடைப்பது உண்டு.

இரண்டு பக்க ஹோஸும் சேர்த்து 1,100 ரூபாய், பிரேக் ஆயில் 350, கூலி 600. மொத்தம் 2,050. அதற்கு முன்னால் போனது 18,300. கூலியைக் கூட்டிக் கொடுத்தபோது அண்ணாச்சி வாங்க மறுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சவூதிக்கு போன் போட்டு அழுதேன். கணவர் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அம்மா எப்படி இருக்கிறார்கள் என்றுதான் கேட்டார்.

ஹோஸ் மாற்றும்போது அண்ணாச்சி செய்த சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் செய்பவர்கள் இவற்றை விட்டுவிடுகிறார்கள். குழாய் நட்டு துருவேறி இருந்தது. சாதாரண ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும், அப்புறம் குழாயையே மாற்ற வேண்டி வரும். துரு நீக்கும் ஆயில் அடித்து ஊறவிட்டு, நட்டை ஏறக்குறைய முழுக்கச் சுற்றிப் பிடிக்கும், குழாய் நட்டுக்கான ஸ்பேனரால் எடுத்தார். ஹோஸ் கேலிப்பரில் சேரும் இடத்தில் செம்பு வாஷர் இரண்டையும் புதிதாகப் போட்டார். பழையதைப் போட்டால் கசியும். மாட்டிய பிறகு ஸ்டியரிங்கை இடது கடைசிவரையும் வலது கடைசிவரையும் திருப்பி, ஹோஸ் முறுக்கிக்கொள்ளவில்லை, எங்கும் உரசவில்லை என்று பார்த்தார். கேலிப்பர் பின் கம்பிக்குச் சிலிக்கான் கிரீஸ்தான் போட்டார். மஞ்சள் கிரீஸ் போட்டால் அங்கே இருக்கும் ரப்பர் ஊதி அந்தக் கம்பி இறுகிவிடும், அதுவே புதுசாக ஒரு பிரேக் ஜாம். அதே காரணத்துக்காக, பிரேக் ஆயில் டப்பாவில் குறைகிறதே என்று எஞ்சின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ ஒருபோதும் ஊற்றக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரில் இருந்து நான்கு சக்கரம் வரை உள்ள எல்லா ரப்பரும் ஊதிப் போய், அத்தனையையும் மாற்ற வேண்டி வரும். மூடியில் டாட் 3, டாட் 4 என்று எது எழுதியிருக்கிறதோ அதைத்தான் வாங்க வேண்டும்.

வீல் பேரிங்கையும் ஒருமுறை சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு சூடு தின்ற பேரிங்கில் கிரீஸ் உருகியிருக்கலாம். என்னுடையது சத்தமில்லாமல் சுற்றியது, தப்பித்தேன். வண்டி சில வாரம் சும்மா நிற்கும் காலங்களில் நான் இப்போது ஹேண்ட் பிரேக் போடுவதில்லை, கியரில் விட்டுக் கல் வைக்கிறேன். கடலோர ஈரத்தில் டிரம்மும் ஷூவும் ஒட்டிக்கொள்ளும், கேபிளும் உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்கும்.

வலது பக்க ஹோஸையும் அன்று அறுத்துப் பார்த்தோம். ஈர்க்கு போனது, ஆனால் கிளாம்புக்கு நேராக இழுத்துக்கொண்டு போனது. அந்தப் பக்கமும் இன்னொரு காற்றுக் காலம்கூடத் தாங்கியிருக்காது என்றார் அண்ணாச்சி. ஒரு பக்கம் போனால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிடுங்கள். வண்டி இப்போது அதே காற்றில் 20 கொடுக்கிறது.